கையை எடுத்தா கட்டாயிடும்

தம்பி: இப்ப?

அக்கா: எண்பத்தி ரெண்டு.

தம்பி: இப்ப?

அக்கா: எண்பத்தி அஞ்சு.

தம்பி: ஆங்... ஏறுது பாத்தியா!

அக்கா: ஏறினா கெட்டதுடா மண்டு. சிக்னல் நம்பருக்கு முன்னாடி மைனஸ் இருக்கு. நம்பர் சின்னதாகணும்.

தம்பி: அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பத்து நிமிஷமா மொட்டை மாடியில நின்னு தப்புப் பக்கமாத் திருப்பிக்கிட்டிருக்கேன்.

அக்கா: ஊரான் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாம அளக்கிற சர்வேயர்... கண்ணுக்கெதிர நிக்கிற டவரைப் பார்த்து ஒரு நெட் டிஷ்ஷைத் திருப்ப வரல.

தம்பி: கண்ணுக்கெதிரயா? ஆறு கிலோமீட்டர் தள்ளி, நட்டு வெச்ச ஊசி மாதிரி தெரியுது. அரை விரல்கடை தள்ளினாலே போச்சு.

அக்கா: அப்ப கால் விரல்கடை தள்ளு. மெதுவா... இன்னும் மெதுவா... எழுபத்தி நாலு... அறுபத்தி ஆறு! நில்லு! அசையாதே!

தம்பி: அவ்ளோதானே? இறங்கி வரேன்.

அக்கா: ஐயோ, கையை எடுக்காதே! தொண்ணூறுக்குப் போயிடுச்சு... பிடி, பிடி!

தம்பி: பிடிச்சிட்டேன், கத்தாதே. இறுக்கிற நட்டைக் காணோம். கிழவன் பல்லு மாதிரி ஆடுது.

அக்கா: அப்ப நீதான் நட்டு. நாலு மணி வரைக்கும் நில்லு.

தம்பி: இப்ப மூணேகால்தான் ஆகுது! கயித்தால கட்டிட்டு வந்துடறேனே.

அக்கா: காலையிலயே கட்டிப் பார்த்தேன். காத்து ஒரு தட்டுத் தட்டினா வேற ஊரைப் பார்க்குது. கம்பெனி ஆளு நாளைக்குத்தான் வருவாராம்.

தம்பி: உன் ட்ரெய்னிங் க்ளாஸுக்கு நான் கொடிக்கம்பமா நிக்கணும். ஆமா... க்ளாஸ் உள்ள நடக்குது, நீ ஏணிக்கடியில என்ன பண்றே?

அக்கா: அது... வீடியோதான். ஓடினா போதும், அட்டெண்டன்ஸ் விழுந்துடும்.

தம்பி: டீச்சர் பண்ற வேலையா இது?

அக்கா: வாயை மூடிக்கிட்டுப் பிடி. பேசினா எழுபதுக்கு வருது.

தம்பி: யாரு சிரிக்கிறா?

அக்கா: எங்க?

தம்பி: உள்ள. அம்மாதானே?

அக்கா: க்ளாஸ் எடுக்கிறவர் ஏதாவது ஜோக் அடிச்சிருப்பார்.

தம்பி: உன் க்ளாஸ்ல அம்மாவுக்கு என்ன வேலை?

அக்கா: சும்மா... துணைக்கு உட்கார்ந்திருக்காங்க.

தம்பி: யாருக்குத் துணை? நீதான் வாசல்ல நிக்கிறியே. கண்ணாடிக் கடைக்காரர்தானே?

அக்கா: எந்தக் கண்ணாடிக் கடை...

தம்பி: ஒரே வருஷத்துல அம்மாவுக்கு மூணு தடவை பவர் மாத்திக் குடுத்தாரே, அந்தக் கண்ணாடிக் கடை. அவங்க பார்வைக்கு என்ன குறைச்சல்? வாசல்ல நின்னே பஸ் போர்டைப் படிக்கிறவங்க!

அக்கா: தெரியுமா உனக்கு?

தம்பி: நானும் இந்த வீட்லதான் குடியிருக்கேன்.

அக்கா: சரி, தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். அவர்தான். வெளிநாட்ல இருக்கிற அவர் பொண்ணும் லைன்ல இருக்கு. கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தேதி பேசறாங்க. போதுமா?

தம்பி: எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம?

அக்கா: சொன்னா தாம்தூம்னு குதிப்பே. அதான் க்ளாஸுன்னு புளுகினேன்.

தம்பி: இப்பவே கையை எடுத்துடுவேன்.

அக்கா: எடு. அப்பா போய் இருபத்தோரு வருஷமாச்சு. ஒத்தை ஆளா நின்னு நம்மள ஆளாக்கிட்டு இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறாங்க. எடேன், பார்ப்போம்... இன்னும் அறுபத்தி ஆறு. என்னடா, எடுக்கலியா?

தம்பி: மூக்கு அரிக்குது. அதுக்கே எடுக்க முடியல.

அக்கா: நல்லா அரிக்கட்டும். உனக்கு விஷயம் தெரியாது. பேசப் பேச மூணு தடவை பாதியில கட்டாயிடுச்சு. அவர் பொண்ணு என்ன சொல்லிச்சாம் தெரியுமா? “அந்த அம்மாவுக்கு இஷ்டமில்லப்பா, நாசூக்கா லைனை வெச்சிடறாங்க”ன்னு.

தம்பி: மொபைல்ல கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே?

அக்கா: நம்ம வீட்ல மொபைலுக்கு என்னிக்குடா ஒரு கோடாவது வந்திருக்கு? பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய், நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிற இடத்துல, “நான் வெக்கலைங்க, லைன்தான் சரியில்ல”ன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க.

தம்பி: எப்ப?

அக்கா: போன வாரம். ரெண்டு தடவை.

தம்பி: மார்க்கெட்டுக்குப் போறேன்னாங்களே...

அக்கா: வெறுங்கையோட திரும்பி வந்தாங்களே, அதை அளக்கலியா சர்வேயர்?

தம்பி: அக்கா...

அக்கா: என்ன?

தம்பி: அந்த நட்டு... அதுவா விழல.

அக்கா: பின்ன? காக்கா வந்து கழட்டிச்சா?

தம்பி: நான்தான் கழட்டினேன். ஒன்பது நாளாச்சு.

அக்கா: அடப்பாவி! மரம் வளர்ந்துடுச்சுன்னே, மழைன்னே, புறா வந்து உட்காருதுன்னே... பக்கத்து வீட்டு மனுஷனோட மல்லுக்கு நின்னு, பாவம், அவர் மரத்துல ரெண்டு கிளையை வேற வெட்ட வெச்சே!

தம்பி: மெதுவாப் பேசு. அவர் வீட்லதான் இருக்கார்.

அக்கா: கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் குடுத்தேன்னியே?

தம்பி: குடுக்கல.

அக்கா: ஏன்டா, நான் காலையில வந்து இறங்கி, பஸ் ஸ்டாப்லயே நின்னு போன் பண்ணினா, “இதான் முதல் கம்ப்ளெயின்ட்டும்மா”ங்கறான். அவன் பொய் சொல்றான்னு அவனைக் கிழி கிழின்னு கிழிச்சேன்! எங்க அந்த நட்டு? குடு, நான் ஏறி வந்து மாட்டறேன்.

தம்பி: வாய்க்கால்ல போட்டுட்டேன்.

அக்கா: நல்லா வேணும். நில்லு, அங்கயே வெந்து சாவு. எதுக்குடா இந்த ஈனப் புத்தி? ஊர் என்ன சொல்லும்னா?

தம்பி: ஊரைப் பத்தி யார் கவலைப்பட்டா?

அக்கா: அப்ப சாப்பாடு. ஆக்கிப் போட ஆள் இருக்காது, சட்டை துவைச்சுப் போட ஆள் இருக்காது. முப்பத்தி நாலு வயசுக் குழந்தைக்குப் பால் புட்டி போயிடும்.

தம்பி: ...அதுவும்தான்.

அக்கா: “அதுவும்தான்”னா? வேற என்ன?

தம்பி: நீ உன் வீட்டுக்குப் போயிடுவே. அவங்களும் போயிடுவாங்க. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ள வந்தா... “ஏன் லேட்டு”ன்னு கேக்க ஒரு ஆளு இருக்காது. அதை நினைச்சாலே... என்னமோ ஸ்பேனர் கையில இருந்துது, ஏறிட்டேன்.

அக்கா: அதை அம்மாகிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? நட்டைக் கழட்டுவானாம்.

தம்பி: எப்படிச் சொல்றது? “போகாதீங்க”ன்னா நிஜமாவே போகாம இருந்துடுவாங்க. நம்பர் என்ன?

அக்கா: எழுபத்தி ஒண்ணு. ஏன்டா நகருது?

தம்பி: தோள் விட்டுப் போகுது. இரு, முட்டுக் குடுக்கறேன்... இப்ப?

அக்கா: அறுபத்தி அஞ்சு. 

தம்பி: உள்ள என்ன பேசறாங்க, எட்டிப் பாரேன்.

அக்கா: அம்மா சத்தமே காணோம். ஸ்கிரீன் முன்னாடி அப்படியே உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பக்கம் பேசறாங்க போல.

தம்பி: பொண்ணு ஏதாவது ஏடாகூடமாக் கேக்குதோ?

அக்கா: ரொம்பத்தான் அக்கறை! மணி நாலே கால். கொஞ்சம் தண்ணி கொண்டு வரவா?

தம்பி: எந்தக் கையால குடிக்கறது? நீ நம்பரைப் பார்த்துக்கிட்டே இரு.

அம்மா: ஏன்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்கிற மாதிரி என்ன பேச்சு?

அக்கா: அம்மா! முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?

அம்மா: அடுத்த மாசம் பன்னண்டாம் தேதி. பதினோரு மணிக்கு. அந்தப் பொண்ணும் லீவு போட்டுட்டு வருதாம்.

தம்பி: அம்மா... நான் இறங்கலாமா?

அம்மா: இறங்குடா. பார்த்து, ஏணி ஆடுது. மூஞ்சியெல்லாம் கன்னிப் போச்சே...

தம்பி: பரவாயில்லம்மா. ஒரு தடவையும் கட்டாகலியே? இவ்ளோ நேரம் பேச முடிஞ்சுதுல்ல?

அம்மா: இவ்ளோ நேரம் எங்க பேசினோம்? “நட்டு அதுவா விழல”ன்னு நீ ஆரம்பிச்சியே, அதுக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சு. ஜன்னல் திறந்துதான் இருந்துது. ஒன்பது நாள் அந்த நெட் பெட்டியில எப்ப விளக்கு எரியும்னு பார்த்துக்கிட்டு நான் உட்கார்ந்திருந்தேன்... நீயும் கொஞ்ச நேரம் நில்லேன்னு சும்மா விட்டுட்டேன்.