ஆயில் கம்பியின் மேல்கோடு

"ஹலோ... ஆமா, நான்தான். சொல்லு குட்டி... என்னது, நகரலையா?... கத்தாதே. சின்னது பின்னாடி உக்காந்திருக்கா?... சரி. இப்போ மெதுவாச் சொல்லு."

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே, பிரித்துப் போட்ட ஒரு கியர்பாக்ஸின் முன்னால் மெக்கானிக் குந்தியிருந்தார். போனில் பேசும் தங்கை இன்று குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டே கிளம்புகிறாள் என்பது அவருக்கு மட்டும் தெரியும். புருஷன் ஒரு மணிக்குச் சாப்பிட வருவான். படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கத்தில் அவன் அடித்து வைத்திருந்த தாழ்ப்பாளை மெக்கானிக் தன் கண்ணால் பார்த்தவர். போன தடவை அவள் வாடகை வண்டி கூப்பிட்டாள். டிரைவர் அவனுக்கே போன் போட்டு, போகலாமா என்று கேட்டான். அதனால்தான் இந்த முறை, கேட்டுக்குள் சும்மா நின்ற அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கார். இவர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

"மணி என்ன?... பன்னண்டு இருபது. இருக்கு, நேரம் இருக்கு. பிரேக்கை மிதிச்சுக்கோ. பார்க்கிங்லேருந்து டிரைவுக்குத் தள்ளு. வண்டி லேசா உதறுதா?... ஒண்ணுமே இல்லையா... பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலேட்டர் கொடு... ஆமா, கேக்குது. இன்ஜின் மட்டும் கத்துது. போதும், போதும், காலை எடு... இப்போ ரிவர்ஸ் போடு. போட்டதும் வண்டி அசையற வரைக்கும் எண்ணு... நாலா? நாலுலதான் பிடிச்சுதா?... சரி சரி. ரிவர்ஸாவது உயிரோட இருக்கு."

நல்ல கியர்பாக்ஸ் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். நாலு எண்ண வேண்டியிருந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். ஆனால் ஆயில் குறைய வழியில்லை. வாராவாரம் அளவுக் கம்பியை எடுத்து, ஆயில் அதிலுள்ள இரண்டு கோட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். அவளும் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி.

"கீழ சொட்டியிருக்கா, குனிஞ்சு பாரு... இல்லையா. வாராவாரம் கம்பியை எடுத்துப் பார்த்தியா?... ஆமா... ஆமா... எவ்வளவு காட்டுச்சு?... மேல்கோட்டைத் தாண்டியா? ஒவ்வொரு தடவையுமா?... அதுக்கு நீ என்ன பண்ணினே?... உறிஞ்சி எடுத்தியா? எதால?... சின்னதுக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சாலயா... ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாவா... எத்தனை வாரம்?"

பதிலைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒன்பது... ஆமா, மேல்கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். குட்டி, நீ பாக்கும்போது இன்ஜின் ஓடிட்டிருந்துதா?... நிறுத்திட்டுத்தான் பார்த்தியா... எல்லாத் தடவையும் நிறுத்திட்டுத்தானா."

இன்ஜின் ஆயிலை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கியர்பாக்ஸ் ஆயிலை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் மேலே இருப்பதெல்லாம் கீழே வடிந்து, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். மெக்கானிக்குக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடு என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அவரும் சொல்லவில்லை.

"எடுத்த ஆயில் எங்க?... ஜூஸ் பாட்டில்லயா? அப்போ அதையே கொண்டு வந்து திருப்பி ஊத்து... எப்போ கொட்டினே?... நேத்தா. ஏம்மா?... வீட்டைச் சுத்தமா விட்டுட்டுப் போகணும்னு... இல்ல, திட்டலை. யாரு உன்னைத் திட்டினா... சமையல் எண்ணெய் வேண்டாம், அது வடை சுடத்தான் ஆகும்."

அந்த வீடு புது மனைகளுக்கு நடுவே தனியாக நின்றது. பெரிய ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். தூக்க வேண்டிய குழந்தை ஒன்று, சூட்கேஸ் ஒன்று. நடந்தால் வழியிலேயே அவன் எதிரே வருவான்.

"கேளு. ரிவர்ஸ்லயே வெளிய வா... ஆமா, ரோடு வரைக்கும் பின்னாடியேதான். நடுவுல நின்னாலும் நிக்கும், வேற வழியில்லை... கழுத்து வலிச்சா வலிக்கட்டும். சின்னது சிரிக்குதா? சிரிக்கட்டும்... கண்ணாடியை நம்பாதே, திரும்பிப் பாரு... அப்படித்தான்... கேட்டைத் தாண்டிட்டியா?... ஏன் நிறுத்திட்டே?... யார் வண்டி?... குட்டி?"

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போன் கை மாறியது.

"மாப்ளை, வணக்கம்... சீக்கிரமே வந்துட்டீங்களா... ஆமா, கியர் விழலைன்னுதான் கூப்பிட்டா... சூட்கேஸா? நான்தான் ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போன்னு... ஆமா, உங்களைக் கேட்டிருக்கணும்... தப்புதான், மாப்ளை. என் தப்புதான்... ஒரு நிமிஷம், வெச்சுடாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, அவளும் கேக்கட்டும், வண்டி விஷயம்தான்... ஆயில் கம்மி, வேற ஒண்ணுமில்லை. ஒன்றரை லிட்டர் ஊத்தினா ஓடும். பாக்கும்போது இன்ஜின் ஓடணும். இதை நான் முன்னாடியே சொல்லலை. சொல்லியிருக்கணும்... பழைய இரும்புக்குப் போட்டுடப் போறீங்களா?... இன்னைக்கேவா... இல்ல மாப்ளை, ஓடற வண்டி அது... சரி, உங்க வண்டி... அவகிட்ட ஒரு வார்த்தை... ஹலோ... ஹலோ."

பேசியது பதினாலு நிமிடம் என்று போன் காட்டியது. மெக்கானிக் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஆயில் டின்னை எடுத்தார். ஒன்றரை லிட்டருக்கு மேலேயே இருந்தது. தரையில் வைத்தார். ஊற்றுவதற்கு வண்டி இல்லை.