கதவைத் திறந்தவர்

ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்த கிழமை அது. மில்லிக்கன் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த மீசைக்காரர், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்:

“பிரசிடென்ட் இல்லாட்டி இனி நான்தான் பிரசிடென்ட்! ஆகப் பழைய உறுப்பினர் அந்த இடத்துக்கு வரவேணுமெண்டு யாப்பிலயே கிடக்கு.”

பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர் துள்ளினார். “அண்ணை, ஊர்ச்சங்கத்தின்ர முதல் கூட்டத்துக்கு உங்களுக்கு முதலே வந்தவன் நான்!”

“நீ வரேக்க நான் ரீ குடிச்சு முடிச்சிட்டன்!”

“பழைய ஆளெண்டாப் போல போதுமோ? சங்கத்துக்காக ஓடித் திரியிறது நான்!”

“அப்ப நேற்று வந்தவனும் பிரசிடென்ட் ஆகலாமோ?”

மீசைக்காரரின் மடியில் ஒரு கடிதம். அதில், முகாமில் அடைபட்டுக் கிடக்கும் அவர்கள் ஊர்ச் சனத்தின் பேர்கள். இன்றைக்கே இங்கத்தை எம்.பி.யின் கந்தோரில் கொடுக்கவேணுமாம். கையெழுத்துப் போடவேண்டிய பிரசிடென்ட், தமக்கையைத் தேடிக் கொழும்புக்குப் பறந்துவிட்டார்.

“அக்கா, நீங்களே சொல்லுங்கோ,” என்று பின்னால் திரும்பினார் தொப்பிக்காரர். அவர்களோடு வந்து என் பக்கத்தில் இருந்த பெண் கேட்டார்:

“முதல் கூட்டம் எங்க நடந்தது?”

“சென் ஜேம்ஸ் ரவுணில, உங்கட வீட்டில.”

“நீங்கள் ரெண்டு பேரும் வரேக்க கதவைத் திறந்தது ஆர்?”

நான் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. போகட்டும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேனையை நீட்டினார்கள். அந்தப் பெண் வாங்கவில்லை.

“முதல்ல பேர்களை வாசியுங்கோ. ஆரையும் விட்டிட்டமோ எண்டு பாப்பம்.”