“சரிங்க” என்றவர்

“புகை பிடிக்காதீர்” பலகையைத் தலைகீழாக மாட்டியது நான்தான். அன்று கல்லூரியே கழுத்தைச் சாய்த்துப் படித்துச் சிரித்தது. நன்றாகத் திட்டு வாங்கினேன். ஆனால் ஒன்று புரிந்தது: சிரிக்கிற ஆளிடம் எதையும் சொல்லலாம்.

நூலக எழுத்தரான என்னையே பிறகு புகையில்லா வளாகத்துக்குப் பொறுப்பாளராக்கினார்கள். அதட்டக் கூடாது, ஆளைத் தொடக் கூடாது, பணிவாகச் சொல்ல வேண்டும். எனக்கா சொல்லித்தர வேண்டும்? மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே “தயவுசெய்து சார்”. யார் பற்றவைத்தாலும் பக்கத்தில் போய், “தயவுசெய்து... உங்க நுரையீரல் எனக்குப் போன் பண்ணி அழுதுச்சுங்க” என்பேன்.

வேதியியல் பேராசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். “யோவ், உன் வாய் இருக்கே!” மறுநாளும் அதே மரத்தடியில் ஊதுவார். பரவாயில்லை, தங்கமான மனிதர்.

கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர் அப்படியில்லை. நான் வாயை மூடுவதற்குள் சிகரெட்டை மணல் வாளியில் குத்தி அணைத்துவிடுவார். “சரிங்க” என்பார். போய்விடுவார். முகத்தில் ஒரு கோடு அசையாது. ஜோக்கை மாற்றிப் பார்த்தேன். நுரையீரலைப் பாடக்கூட வைத்தேன். “சரிங்க.” எனக்குத் தூக்கம் போயிற்று. மனைவியிடம் நடித்துக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். “டீ ஆறுது, குடிங்க” என்றாள்.

நேற்று மதியம் பேருந்துக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தார். சொன்னேன். அணைத்தார். “சரிங்க” என்று திரும்பினார்.

“அண்ணே, ஒரு நிமிஷம். நல்லா இல்லையா?”

“எதுங்க?”

மணல் வாளி கனமான இரும்பு. முதல் அடியிலேயே விழுந்துவிட்டார். அதற்குப்பின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் “மன்னிக்கணும்” என்றேன்; குரலை உயர்த்தவில்லை. தாடை ஒரு பக்கமாகப் போன பிறகும் வாய்க்குள் கொஞ்சம் புகை மிச்சமிருப்பதாகப் பட்டது. புகைக்கு மணல்தான் முறை. அள்ளி அள்ளிப் போட்டேன், மார்பு ஏறி இறங்குவது நிற்கும்வரை. தரை சுடுமே என்று தலைக்கடியில் என் கைக்குட்டையை மடித்து வைத்தேன். என் மனசு அப்படி.

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் இதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். “எல்லாம் பிள்ளைங்க சுவாசிக்கிற காத்துக்காகத்தான் மேடம்.”

“அவர்தான் அணைச்சிட்டாரே?”

“அது இருக்கட்டும் மேடம்” என்று, அந்த ஜோக்கை அழுகைக் குரலோடு முழுதாகச் சொல்லிக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்த காவலரின் பேனா நின்றது. “மழுப்பாம சொல்லுங்க மேடம். நல்லா இருக்கா, இல்லையா?”

இன்ஸ்பெக்டர் அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

“இல்ல. தினமும் ஊதுற பேராசிரியர் சிரிச்சாரு, விட்டுட்டீங்க. சொன்ன உடனே அணைச்ச மனுஷன் சிரிக்கல, கொன்னுட்டீங்க.”