பரண்மேல மூணு உயிரு

— கயித்த விட்டுராதீக கருத்தையாண்ணே! தூணுலதான் கட்டியிருக்கேன், அறாது. அதப் புடிச்சுக்கிட்டே இங்குட்டு வாங்க.

— வந்துட்டேன் ஆசியா. வீட்டுக்குள்ளயே இடுப்புக்கு மேல ஓடுதே தண்ணி! ஆராரு இருக்கீக மேல?

— நானு, எம்மக சைதுன், அவ பெத்த பிள்ளை. பரண்மேல மூணு உயிரு. பிள்ளைக்கு இன்னையோட ஒம்பது நாளு.

— சொகமா இருக்கீகளா? அதச் சொல்லு தாயி மொதல்ல.

— அல்லா காப்பாத்துனான். பிள்ளை பாலு குடிச்சுட்டு அசந்து தூங்குது.

— அப்பாடா! கீழத்தெருவுல உங்க வீடு முங்கிப்போச்சுன்னாக. விழுந்தடிச்சு ஓடியாரேன்.

— நேத்து மத்தியானம் ரேடியோவுல புயலுன்னதுமே எல்லாத்தையும் பரணுக்கு ஏத்திப்புட்டேன். ரெண்டு கொடம் காய்ச்சுன தண்ணி, அவலு, கருப்பட்டி, பிள்ளைத் துணி, அரிக்கேன் வெளக்கு, தீப்பெட்டி...

— இந்த ஈரத்துல தீப்பெட்டி நமுத்துருக்குமே?

— மெழுகுவத்திய உருக்கி, குச்சி மருந்த அதுல முக்கி, டப்பாவுல போட்டு மூடி வச்சேன். ஒரு குச்சி வீணாகல.

— கெட்டிக்காரிதான் போ! எங்க படிச்ச இதெல்லாம்?

— அறுவத்திநாலு புயல்ல பாம்பன்ல எங்க மாமி வீட்டுல மாட்டிக்கிட்டேன். சுத்தி வெள்ளம், குடிக்க ஒரு மடக்குத் தண்ணி இல்ல. அந்தத் தவிப்புதான் படிப்பு. மாப்பிள்ளை பினாங்குல இருக்காக. என்னைய நம்பித்தானே ரெண்டு பேரையும் விட்டுருக்காக.

— சரி, சொல்றேன் கேளு. ரெண்டு லாரி டியூப்புக்குக் காத்தடிச்சு இழுத்துக்கிட்டு வந்துருக்கேன். ஒண்ணுல மக ஒக்காரட்டும். தள்ளிக்கிட்டே பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போயிருவோம்.

— பிள்ளைய முந்தானையில சுத்தி அவ நெஞ்சோட கட்டிரவா?

— வேணவே வேணாம்! டியூப்பு கவுந்தா முடிச்ச அவுக்க முடியுமா? உங்க வீட்டு அண்டா எங்க? அத இன்னொரு டியூப்புக்குள்ள எறக்கி, துணிய விரிச்சுப் படுக்க வையி. அசையாம மெதக்கும்.

— அண்டா இந்தா இருக்கு. அண்ணே, செத்த இருங்க... சுவத்தப் பாருங்க!

— என்னத்த?

— தண்ணி ஏற ஏறக் கரிக்கோடு போட்டுக்கிட்டே வந்தேன். விடியக்குள்ள அந்த மேல் கோட்டுல நின்னுச்சு. இப்ப ரெண்டு சாண் கீழ கெடக்கு!

— எறங்கட்டும், எறங்கட்டும்.

— எறங்குதண்ணே! சைதுனு, அழுவாதடி, தண்ணி வடியுது! அல்லாவே, பொழச்சோம்... மழை விடலையே, கண்மாயி தளும்பி வழிஞ்சுதான இம்புட்டும் வந்துச்சு? கரை ஒடைஞ்சா ஊரே இருக்காதுன்னு ராப்பூரா அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.

— இனிமே ஒடையாது தாயி. பயப்படாத.

— ஒங்க நெல்லு என்னண்ணே ஆச்சு? பத்து நாள்ல அறுக்கணும்னீகளே?

— அத விடு. அண்டாவ எறக்கு.

— எதுக்கு அவசரப்படுறீக? இப்படியே வடிஞ்சா நடந்தே போயிரலாம் போலருக்கே! ஆனா இம்புட்டுத் தண்ணியும் எங்குட்டண்ணே போகுது?

— எங்குட்டுப் போகும்? என் வயலு வழியாத்தேன். கண்மாயோட தெக்குக் கரைய நாந்தேன் வெட்டிவிட்டேன்.