சத்யப்பிரியா விட்ட கோடு

ஏசியை இருபத்தாறுக்குக் கீழே வைக்கக் கூடாது என்று நம் பெரம்பலூர் ஆபீஸில் சட்டம் போட்டவள் நான்தான். வெயிலில் கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். விரல் விறைத்துப்போனால் எப்படி டைப் அடிப்பார்கள்? அதற்கு முன்னால் பாதிப் பேர் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனியின் ஆண்டு மலருக்கு என் வளர்ச்சியைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். உங்கள் உயர்வுக்கு யார் காரணம் என்பது நீங்கள் அனுப்பிய நாலாவது கேள்வி. எல்லாரும் அப்பா, அம்மா என்று எழுதுவார்கள். நான் சத்யப்பிரியா என்று எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் இப்போது கம்பெனியில் யாருமில்லை என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் எறையூர்க்காரி. அப்பா கருப்பண்ணன் கரும்பு வெட்டப் போனவர். என் பெயர் செல்வம்மாள். இன்று வைஸ் பிரசிடெண்ட் அறைக் கதவில் இருக்கிற 'செல்வா' வெள்ளைக்காரர்களின் வாய்க்காக நறுக்கிக்கொண்டது. 1995இல் அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. 2000இல் நம் கம்பெனி பெரம்பலூரில் கிளை திறந்தபோது பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பொம்பளையை நம்பியா என்று கேட்டவர்கள் பிறகு என்னிடமே மகளுக்கு வேலை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன், மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். எங்கள் பெண்கள் ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டு டைப் அடிப்பார்கள். காதில் விழாததை எழுதக் கூடாது, அந்த இடத்தில் கோடு விட்டுவிட வேண்டும், டாக்டர் பார்த்து நிரப்பிக்கொள்வார் என்பது முதல் விதி. கோடு அதிகமானால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்பது இரண்டாவது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

2003 சித்திரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எங்களுக்கு ஒரு வாரம் சோதனை வைத்தது. தேறினால் அவர்கள் வேலை முழுக்க எங்களுக்கு. தவறினால் கிளையை மூடிவிடுவதாக மெட்ராஸ் தலைமை ஆபீஸிலிருந்து போன் வந்திருந்தது. முப்பத்தாறு பெண்கள் மறுபடி வெயிலுக்குப் போக வேண்டும். என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் யோசித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்யப்பிரியா கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம். அப்பா இல்லை. அம்மா முத்தாயி முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறவள். பெண் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். அவளுக்கு இருந்த காது கிளையில் வேறு யாருக்கும் கிடையாது. சோதனையின் கடைசி நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், இன்சுலின் எவ்வளவுன்னு சொல்ற எடத்துல டாக்டர் இருமிட்டாருங்க. பத்துத் தடவ கேட்டுட்டேன். கோடு விட்டுடறேன்ங்க."

"நீ சாப்பிடப் போம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டேன். இருமல்தான். அதே டாக்டரின் பழைய பைல்களை எடுத்துப் பார்த்தேன். அனேகமாக எல்லாருக்கும் நாற்பது யூனிட் எழுதியிருந்தார். மனுஷனுக்கு அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நாற்பது போட்டு அனுப்பினேன். சோதனையில் தேறினோம். எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்து அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அந்த டாக்டர் சொன்னது நாலு யூனிட். நோயாளி எழுபத்தொரு வயதுக் கிழவி, எடை நாற்பது கிலோகூட இல்லையாம். தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரும் படித்துப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நர்ஸும் யோசிக்காமல்தான் ஊசி போட்டிருக்கிறாள். ஆனால் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: டைப் அடித்தது யார்? பைலில் சத்யப்பிரியாவின் ஊழியர் எண்தான் இருந்தது.

அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். டீ வரவழைத்தேன்.

"நான் கோடுதானேங்க மேடம் விட்டேன்?"

நான் குரலை உயர்த்தவில்லை. பைல் பொய் சொல்லாது என்றேன். அந்த வாரம் எல்லாருக்கும் தூக்கம் குறைவு, கை தானாகவே அடித்திருக்கும் என்றேன். என்னிடம் வந்து சொன்னது வேறு பைலாக இருக்கும் என்றேன். இரண்டு மணி நேரம் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இது இருபத்தொரு வயதுப் பெண். கடைசியில் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நாந்தான் போட்டுட்டேனாங்க?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கடிதத்தை நான் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தேன். பார்த்து எழுதினாள். இரண்டு தாள் வீணாகி, மூன்றாவது நன்றாக வந்தது. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினோம். நெருக்கடியைப் பக்குவமாகச் சமாளித்ததாகத் தலைமை ஆபீஸிலிருந்து பாராட்டு வந்தது. மறு வருஷம் என்னை மெட்ராஸுக்கு மாற்றினார்கள். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் கெடாமலே சேர்ந்தேன்.

அதற்கு முன்னாலேயே, தை மாதத்தில், சத்யப்பிரியா தன்னை மாய்த்துக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு முத்தாயி பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்தாள். என்னைக் குறை சொல்ல வரவில்லை.

"வேல போனதுலேருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் வெரதம் இருந்து எல போட்டுப் படைப்பாம்மா. யாருக்குடி, அப்பனுக்கான்னு கேட்டா, இல்லம்மா, தூர தேசத்துல ஒரு பாட்டி, அதுக்கு என்னால கெடுதல் வந்துடுச்சுன்னு சொல்லுவா. என்னா ஏதுன்னு எனக்கு வெளங்கல. நீங்க நல்லா வெச்சிருந்தீங்கன்னு சொல்லியிருக்கா. அவ கைப்பட எழுதுனது எதாச்சும் இருந்தா குடுங்கம்மா. நோட்டெல்லாம் அறியாத்தனமா எடைக்குப் போட்டுட்டேன்."

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கலரில் நகல் எடுத்துக் கொடுத்தேன். முத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வேலையில் உங்கள் மகள் எவ்வளவு பொறுப்பு என்பதைப் பற்றி என்றேன். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போன வருஷம் திதிக்குக் கூப்பிட்டிருந்தாள், போனேன். மகள் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, அந்தக் கடிதத்தை மாட்டியிருக்கிறாள். மகளுக்கு ஒரு இலை, பேர் தெரியாத அந்தப் பாட்டிக்கு ஒரு இலை. "அவ ஆரம்பிச்சத நான் விடக் கூடாதுல்லங்க" என்றாள். அடுத்த இலையில் என்னை உட்காரவைத்து, அவள் கையாலேயே பரிமாறினாள். சத்யப்பிரியாவுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆக, நாலாவது கேள்விக்குப் பதில் இதுதான். நாற்பது போட்டவள் நான். போட்டது அவள்தான் என்று அவளையே நம்பவைத்தவளும் நான். மலரில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் இஷ்டம். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை அவள் அழுத்தமாக இல்லை என்று சொல்லியிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.