சிலம்பாயி கல்லு

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்காத காலம். கரட்டுப்பட்டியில சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்து அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவ. அண்ணன் மொக்கையன் ஊர்ப் பூசாரி. அவளுக்குன்னு இருந்தது செவலைங்கிற வேட்டை நாய் மட்டுந்தானாம்.

தினமும் வெயில் தாழ ஊர் நாயெல்லாம் அவ வாசல்ல வந்து படுத்துக்குமாம். காது மடலு, கழுத்து, கால்விரல் இடுக்குன்னு விரிச்சு விரிச்சுப் பாப்பாளாம். உண்ணி இருந்தா நசுக்காமப் பிடுங்கி நெருப்புல போடுவாளாம். நாய் படுக்கிற வைக்கோலையும் அப்பப்ப எரிச்சு மாத்துவாளாம். "நாய்க்குப் பேன் பாக்குறா பாரு!"ன்னு ஊரே சிரிக்குமாம். சிரிச்சவன் நாயும் அங்கதான் கெடக்கும்!

மாசி மாசம் பாரிவேட்டை வந்துச்சு, ஊரே நாய்களோட காட்டுக்குப் போற சாமி வேட்டை. நாய்களுக்குக் காப்புக் கட்டி, கோயில் தொழுவத்துல அடைச்சுக் காவல் போட்டாங்க. காப்புக் கட்டுனா அது சாமி நாயாம். இருபத்தொரு நாளைக்கு எவனும் கை வைக்கக் கூடாதாம்.

எட்டாம் நாளு வேலி வழியா எட்டிப் பாத்தா. செவலை சோறு திங்கலை. காதுக்குள்ள உண்ணி, ஆமணக்கு விதை கணக்கா. ஈறு வெளுத்துப்போச்சு, மூத்திரம் ரத்தமாப் போகுது. அலறியடிச்சு அண்ணன்கிட்ட ஓடுனா.

"ஒரே ஒரு தடவை தொட விடுண்ணே. உண்ணியைப் பிடுங்கிட்டு வந்துர்றேன்."

"சாமி நாயைத் தாலியறுத்தவ தொடுறதா? போடி அங்கிட்டு!"

மறுநாளும் போனா. "தொட விடுண்ணே." "போடி!" மூணாம் நாளும் போனா. அன்னிக்குக் கதவையே சாத்திட்டானாம், பாவி.

பதினோராம் நாளு செவலை செத்துச்சு. பின்னாலயே ஒன்பது நாய் செத்துச்சு. ஊரு என்ன சொல்லுச்சுங்கிறீங்க? "வேலி வழியா இவ பாத்த கண்ணுதான்!" கூடப் பொறந்தவனே எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டானாம். தோள்ல தூக்கிட்டு வந்த செவலையை அங்கயே பொதைச்சு ஒரு கல்லை நட்டாளாம். "இந்தக் கண்ணாலதானடா இத்தனை வருசம் உண்ணி பாத்தேன்!"னு கத்திட்டு நடந்தவதான். எங்க போனாளோ, எப்படிச் செத்தாளோ, யாருக்கும் தெரியாது.

மிச்ச நாயும் அதே மாதிரி சுருண்டு விழுந்தப்பத்தான் ஊருக்குப் பயம் வந்துச்சாம். அதுலருந்துதான் காப்புக் கட்டுன நாயைத் தினமும் அந்தக் கல்லுக்கிட்டக் கொண்டுபோறது. தாலியறுத்த பொம்பளை கையாலதான் உண்ணி பாத்து நெருப்புல போடணும். அந்தக் கல்லுக்கு மஞ்சப் பூசி மாலை போடுறது மொக்கையன் வம்சந்தான், எங்க வீடுதான். அவ மாலையா கேட்டா? தொட விடுண்ணேன்னுதானே கேட்டா.