குண்டூசியால் குத்திய பிரிண்டர்

தாம்பரத்திலிருந்து அஸ்தினாபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் ஒரு பிரிண்டர். வண்டி கிளம்பியதும் அந்த அம்மா கேட்டார்.

"குண்டூசியாலயா குத்தினீங்க?"

"இங்க் வரலைன்னு நீதானே புலம்பின. இங்க் வர்ற ஹெட் அடைச்சிருந்தது, குத்திவிட்டேன்."

"அது என்ன ஸ்டவ் பர்னரா? முடியைவிடச் சின்ன ஓட்டைங்க. ஈரத்துணி மேல ஒரு ராத்திரி வெச்சிருந்தா அடைப்பு தானா விட்டிருக்கும்னு ரிப்பேர் கடைக்காரர் சொன்னாரே, கேட்டீங்கல்ல? இப்ப ஹெட்டே போச்சு."

"தெரியாமப் பண்ணிட்டேன். நாளைக்கு உன் டியூஷன் பசங்களுக்கு டெஸ்ட் பேப்பர்தானே, ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாம். முன்னாடி என் தையல் மிஷினையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றேன்னு கழட்டிப் போட்டீங்க. அதோட நான் தைக்கிறதை விட்டேன். வீட்டுல ஃபேன் ஒரு வருஷமா கத்துது, அதைத் தொடல. நான் சம்பாதிக்கிற சாமான்மேல மட்டும் ஏங்க உங்க கை போகுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அஸ்தினாபுரம் வந்ததும் பிரிண்டரைத் தூக்கப் போனார்.

"விடுங்க. கை வைக்காதீங்க."

அந்த அம்மா அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் வெறுங்கையோடு பின்னால் இறங்கினார்.